காலையில் மூன்று விநாடி: டைமிங் செயின் தளர்வு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோண்டாவிலில் சிறிய கராஜ் ஒன்று வைத்திருக்கிறேன். எஞ்சினுக்குள் வால்வுகள் திறக்கும் நேரத்தைக் காக்கும் செயின்தான் டைமிங் செயின். ‘செயின் சத்தம் போடுகிறது’ என்று காரைக் கொண்டுவருகிற எல்லோரிடமும் முதலில் ஒன்றைத்தான் கேட்பேன்: காரை இன்று இரவு இங்கே விட்டுவிட்டுப் போக முடியுமா? பலருக்கு முகம் மாறிவிடும். ஐந்து நிமிடம் கேட்டுச் சொல்லக்கூடிய விடயத்துக்கு ஒரு இரவு எதற்கு, வேறு எதையாவது கழற்றப் போகிறானோ என்ற சந்தேகம் கண்ணில் தெரியும். அந்தச் சந்தேகத்துக்கும் அதையொட்டி வருகிற மற்றக் கேள்விகளுக்கும் ஒரே இடத்தில் பதில் எழுதி வைத்தால் என் தொண்டைக்கு ஓய்வு கிடைக்கும்.

ஏன் காரை இரவு விடச் சொல்கிறீர்கள்?

செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், இப்போதைய எஞ்சின்களில் பெரும்பாலும் ஒயில் அழுத்தத்தால் இயங்குவது. எஞ்சின் ஓடும்போது பம்பிலிருந்து வரும் ஒயில் அதன் தண்டை வெளியே தள்ளுகிறது. தண்டு செயினின் தொய்ந்த பக்கத்தை அணைத்துப் பிடிக்கிறது. இரவு முழுவதும் கார் நின்றால் அந்த ஒயில் மெல்ல வடிந்து எஞ்சினின் அடியில் உள்ள ஒயில் தொட்டிக்கு, அதாவது சம்ப்புக்கு, இறங்கிவிடும். காலையில் சாவியைத் திருப்பியதும், ஒயில் திரும்ப மேலே ஏறும்வரை செயின் பிடிப்பில்லாமல் ஓடுகிறது. தேயாத எஞ்சினில் அந்த இடைவெளி காதுக்கு எட்டாது. தேய்ந்ததில் இரண்டு, மூன்று விநாடி கரகரவென்று கேட்கும். ஒயில் வந்ததும் அடங்கிவிடும்.

ஆகவே இந்தக் குறை தன்னைக் காட்டுவது ஒரு நாளைக்கு மூன்று விநாடிதான். சாவகச்சேரியிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்து என் வாசலில் நிறுத்துகிறீர்கள் என்றால், அன்றைய மூன்று விநாடியை உங்கள் வீட்டு முற்றத்திலேயே செலவழித்துவிட்டீர்கள். பல் வைத்தியரின் வாசலுக்கு வந்ததும் பல்வலி நின்றுவிடுகிறதே, அந்தக் கதைதான். சூடான எஞ்சினில் காதை வைத்துக்கொண்டு ‘செயின் போய்விட்டது’ என்று ஒருவர் சொன்னால், அவர் ஊகிக்கிறார்.

யாழ்ப்பாணத்தில் ஏது குளிர்? ‘குளிர் ஸ்டார்ட்’ சத்தம் நாடு தெரியாமல் சொல்வதல்லவா?

நல்ல கேள்வி. மார்கழி விடியற்காலையிலும் இங்கே வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே போவது அரிது. ஆனால் இந்தச் சத்தத்துக்குக் காரணம் குளிர் மட்டுமல்ல; எஞ்சின் நின்றிருந்த நேரம்தான் முக்கியம். ஐரோப்பாவில் பனியில் ஒயில் தடித்துவிடுவதும் சேர்ந்து வேலை செய்கிறது. இங்கே வடிந்துபோவது ஒன்றே போதும். எனக்கு எட்டு மணித்தியாலமாவது கார் அசையாமல் நிற்க வேண்டும்.

கொழும்புக்குப் போகும்போது முறிகண்டியில் இறங்கித் தேங்காய் உடைத்துவிட்டு, பத்து நிமிடத்தில் திரும்ப ஸ்டார்ட் செய்கிறீர்கள். அப்போது சத்தம் வரவில்லை, அடுத்த நாள் காலை மட்டும் வருகிறது என்றால் அது ஒரு வகை. முறிகண்டியிலும் வருகிறது என்றால் அது இன்னும் மோசமான வகை: டென்ஷனரால் ஒயிலைப் பத்து நிமிடம்கூடப் பிடித்து வைக்க முடியவில்லை, அல்லது தண்டு எட்டக்கூடிய எல்லையையும் தாண்டிச் செயின் தொய்ந்துவிட்டது.

இந்தச் செயின் என்னதான் செய்கிறது?

பிஸ்டன்களோடு சேர்ந்த கிராங்க் தண்டு இரண்டு சுற்றுச் சுற்றும்போது வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். அந்த இரண்டுக்கும் இடையிலான ஒப்பந்தத்தைக் காப்பது செயின். ஒப்பந்தம் ஒரு பல் பிசகினால் எஞ்சின் தடுமாறும். பல பல் பிசகினால், பெரும்பாலான எஞ்சின்களில் திறந்திருக்கும் வால்வின் தலையில் பிஸ்டன் வந்து இடிக்கும்.

இரும்புச் செயின் எப்படி நீளும்? இழுபட இழுபட நீள அது என்ன ரப்பரா?

நீளவில்லை, தேய்கிறது. பேச்சில் எல்லோரும் ‘நீண்டுவிட்டது’ என்றே சொல்கிறோம், நானும்தான். உண்மையில் ஒவ்வொரு இணைப்பிலும் உள்ள சிறிய ஊசித்தண்டும் அது சுழலும் துளையும் உராய்ந்து, மயிரிழைக்கும் குறைவாகத் தேய்கின்றன. 120 இணைப்பு உள்ள செயினில் ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு தேய்ந்தால், மொத்தத்தில் 1.2 மில்லிமீற்றர் கூடிவிடும். கூடிய நீளம் தொய்ந்த பக்கத்துக்குப் போகிறது. அதைத்தான் டென்ஷனர் வாரி எடுக்கிறது. அதோடு, இழுபடும் பக்கமும் நீள்வதால் கேம் தண்டு சற்றுப் பிந்தி வருகிறது. டென்ஷனர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இந்தப் பிந்தலைத் திருத்த அதனால் முடியாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே திரும்பவும் வரும்.

உராய்வைக் கூட்டுவது அழுக்கு ஒயில். கரித்தூள் கலந்த ஒயில் அரத்தூள் போல வேலை செய்யும்.

என் காரில் இருப்பது செயினா, பெல்ட்டா?

தொண்ணூறுகளின் கொரோலாவில் வந்த 5ஏ எஞ்சின், டொல்பின் வானின் 3எல் டீசல், கேடிஎச் ஹயேஸின் 1கேடி டீசல், மாருதி 800, ஆல்டோ 800 ஆகிய இவையெல்லாம் பெல்ட். கொரோலா 121, அக்சியோ, அலியன், பிரீமியோ, விட்ஸ், அக்வா, பிரியஸ், வாகன்-ஆர், ஹொண்டா ஃபிட் ஆகியவற்றில் இங்கே நாம் பார்க்கும் எஞ்சின்கள் செயின். நிசான் சன்னி எஃப்பி14இல் ஒன்றுக்கு இரண்டு செயின், மேலே ஒன்று கீழே ஒன்று. அதில் ‘செயின் மாற்றினேன்’ என்று யாராவது சொன்னால் எந்தச் செயின் என்று கேட்க மறக்க வேண்டாம்.

சத்தம் எப்படி இருக்கும்?

தகரப் பேணிக்குள் நாலைந்து நாணயத்தைப் போட்டுக் குலுக்கினால் வருவது போல. ஆல்டர்னேற்றரைச் சுற்றும் வெளிப்பக்கப் பெல்ட் இருக்கும் பக்கத்திலிருந்து வரும். சீரான டிக் டிக் என்றால் அது செயின் அல்ல. வால்வு இடைவெளியோ பெற்றோல் இன்ஜெக்டரோ. கீழிருந்து கனமாக, மரக்கதவைத் தட்டுவது போல் வந்து, சூடாகச் சூடாகச் சில நிமிடத்தில் குறைந்தால் பிஸ்டன் பக்கம் சந்தேகிக்க வேண்டும். விசில் போலவோ முனகல் போலவோ வந்தால் பெயரிங்.

எஞ்சினை 1,500 முதல் 2,000 சுற்று வரை மெதுவாக ஏற்றி, சடாரென்று விட்டுவிட்டால், சுற்று இறங்கும் நேரத்தில் தளர்ந்த செயின் ஒருமுறை சலசலக்கும். இழுபட்டுக்கொண்டிருந்த பக்கம் அந்தக் கணத்தில் விடுபடுவதே காரணம். சூடான எஞ்சினிலும் இது கேட்டால் தேய்மானம் முற்றிவிட்டது என்று கொள்ளலாம்.

கராஜில் காலையில் நீங்கள் என்னதான் செய்கிறீர்கள்?

முதல் நாள் மாலையே ஒயில் கம்பியை இழுத்துப் பார்த்துவிடுவேன். மட்டம் எவ்வளவு, நிறம் என்ன, மணம் என்ன. மட்டம் கீழ்க்கோட்டுக்குக் கீழே இருந்தால் கதையில் பாதி அங்கேயே முடிந்துவிடும். வால்வு மூடியில் ஒயில் ஊற்றும் துளைக்குள் டோர்ச் அடித்துப் பார்ப்பேன். தேன் நிறம் என்றால் இந்தக் கார் ஒழுங்காகச் சேர்விஸ் கண்டது. தார் போலக் கறுத்துப் படிந்திருந்தால், உரிமையாளர் என்ன சொன்னாலும் எஞ்சின் வேறு சொல்கிறது.

காலையில் தேநீருக்கு முன் வேலை தொடங்கும். பக்கத்து வீட்டு வானொலி பாடத் தொடங்குவதற்கு முன் என்றும் சொல்லலாம். பொனற்றைத் திறந்து வைத்து, பையனைச் சாவியோடு உள்ளே இருத்திவிட்டு, நான் நீண்ட ஸ்குருட்றைவரின் முனையை, செயினை மூடியிருக்கும் முன்மூடியில் வைத்துப் பிடியைக் காதெலும்பில் அழுத்திக்கொள்வேன். வைத்தியர்களின் குழாய் போன்ற ஒன்றும் என்னிடம் இருக்கிறது, பழக்கம் ஸ்குருட்றைவர்தான். தலைமுடி, சட்டைக்கை, கழுத்துச் சங்கிலி எதுவும் பெல்ட்டுக்கு அருகில் தொங்கக்கூடாது. நான் தலையசைத்த பிறகுதான் பையன் சாவியைத் திருப்புவான்.

சத்தம் வந்த விநாடிகளை எண்ணுவேன். ஒயில் விளக்கு அணைந்த கணத்தில் சத்தமும் நின்றதா என்பது முக்கியம். இரண்டும் சேர்ந்து நின்றால் ஒயில் வந்து சேரும் பாதையைச் சந்தேகிக்க வேண்டும். விளக்கு அணைந்த பின்னும் சத்தம் இழுத்தால், சந்தேகம் டென்ஷனரிலும் செயினிலும் விழும்.

அடுத்த இரவும் கார் நிற்க முடியுமானால் இன்னும் நல்லது. அன்று காலை வெளிப்பக்கப் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்வேன். இப்போது ஆல்டர்னேற்றர், ஏசி, பெல்ட் இறுக்கும் உருளை எல்லாம் ஆட்டத்தில் இல்லை. சத்தம் மறைந்தால் செயின் விடுதலை. பல கார்களில் அந்தப் பெல்ட்தான் தண்ணீர்ப் பம்பையும் சுற்றுகிறது. ஆகவே குளிர்ந்த எஞ்சினில் அரை நிமிடத்துக்கு மேல் ஓடவிடக்கூடாது. 2014க்குப் பிந்திய பல வாகன்-ஆர்களில் அந்தப் பெல்ட் வழியாகவே எஞ்சினைத் திரும்ப ஸ்டார்ட் செய்யும் மோட்டார் வேலை செய்கிறது. அதன் பெல்ட் உருளை தேய்ந்தால் வரும் சத்தத்தைச் செயின் என்று நம்பி ஏமாறுவது மிக எளிது. அதில் பெல்ட்டை வீட்டில் கழற்றிப் பரிசோதிக்க வேண்டாம்.

கனடாவில் இருக்கும் மகன் வீடியோ பார்த்துவிட்டுச் செயின் மாற்றச் சொல்கிறான்.

மகனின் அக்கறை பொய்யல்ல. ஆனால் தொலைபேசியின் ஒலிவாங்கி பெரிய சத்தத்தை அமுக்கி, சிறிய சத்தத்தைத் தூக்கிக் காட்டும். இன்ஜெக்டரின் டிக் டிக் அதில் கல் உடைப்பது போல் கேட்கும். இருந்தாலும் வீடியோ எனக்கு வேண்டும், ஏனென்றால் அந்த மூன்று விநாடியைப் பிடித்து வைக்கக்கூடியது அதுதான். எடுக்கும் முறை ஒன்று உண்டு: சாவியைத் திருப்புவதற்குப் பத்து விநாடி முன்பே பதிவைத் தொடங்குங்கள், பொனற்றைத் திறந்து, தொலைபேசியைப் பெல்ட் பக்கத்துக்கு ஒரு முழத் தூரத்தில் அசையாமல் பிடியுங்கள், ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். மூன்று காலை எடுத்துவிட்டு மகனுக்கும் அனுப்புங்கள், எனக்கும் காட்டுங்கள்.

எந்த ஒயில் ஊற்ற வேண்டும்? தடித்த ஒயில் ஊற்றினால் சத்தம் குறையும் என்கிறார்களே.

குறையும். அதுதான் ஆபத்து. 20டபிள்யூ-50 ஊற்றினால் சூடான பிறகு எஞ்சின் அமைதியாகிவிட்டது போலத் தோன்றும். காலையிலோ அந்தத் தடித்த ஒயில் டென்ஷனரின் நுண்துளைக்குப் போய்ச்சேர அதிக நேரம் எடுக்கிறது. மூன்று விநாடி ஐந்தாகும். 0டபிள்யூ-20 அல்லது 5டபிள்யூ-30 என்று கணக்கிட்டுச் செய்த எஞ்சினில், கேம் நேரத்தை மாற்றும் சிறு வால்வும் அதே மெல்லிய ஒயிலை நம்பித்தான் இருக்கிறது. மூடியிலோ கையேட்டிலோ என்ன எழுதியிருக்கிறதோ அதை ஊற்றுங்கள்.

எப்போது மாற்றுவது என்று கேட்டால், நான் 5,000 கிலோமீற்றர் அல்லது ஆறு மாதம் என்பேன். கூடுதலாகப் போகலாம் என்று சொல்லும் ஒயில் பேணிகள் உண்டு. நம்முடைய ஓட்டம் அப்படிப்பட்டதல்ல. வீட்டிலிருந்து பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்திலிருந்து சந்தை, சந்தையிலிருந்து வீடு. எஞ்சின் ஒழுங்காகச் சூடேறுவதற்குள் நிறுத்திவிடுகிறோம். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் ஏசியைப் போட்டுக்கொண்டு வீதியில் ஊர்ந்த காரின் மீற்றரில் கிலோமீற்றர் ஏறியிராது. ஒயில் மட்டும் கிழடாகியிருக்கும். 2022இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற மாதங்களில், ஒயிலும் விலையேறிவிட்டதால் பலர் சேர்விஸைத் தள்ளிப்போட்டார்கள். யாரையும் குறைசொல்ல முடியாது. ஆனால் அந்த மாதங்களின் கணக்கைச் சில செயின்கள் இப்போதுதான் என் மேசையில் வைக்கின்றன.

ஒயில் ஃபில்டர் எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. நல்ல ஃபில்டருக்குள் ஒயில் பின்னோக்கி வடியாமல் தடுக்கும் ஒரு ரப்பர் மடிப்பு இருக்கும். மலிவான போலியில் அது விறைத்த பிளாஸ்டிக் மாதிரி இருக்கும், அல்லது ஒழுங்காகப் பொருந்தாது. ஃபில்டர் படுக்கையாகவோ தலைகீழாகவோ பூட்டப்பட்ட எஞ்சினில் இரவோடிரவாக அது வெறுமையாகிவிடும். நல்ல ஃபில்டரும் சரியான ஒயிலும் போட்ட அடுத்த காலையே சத்தம் நின்ற கார்களைப் பார்த்திருக்கிறேன். செயினுக்குச் செலவழிப்பதற்கு முன் இந்தச் செலவைச் செய்து, ஒரு வாரம் காலையில் காது கொடுங்கள்.

கழற்றிய பழைய ஃபில்டரை எறிய வேண்டாம். அதை வெட்டி, மடித்த தாளை விரித்து வெயிலில் பாருங்கள். மினுமினுக்கும் துகள் உலோகம். நகம் போல உடைந்த கறுப்பு அல்லது பழுப்புச் சில்லு, செயின் உரசி ஓடும் பிளாஸ்டிக் வழிகாட்டியின் துண்டாக இருக்கலாம். அந்தச் சில்லைக் கண்டால் நான் மேற்கொண்டு கேட்பதை நிறுத்திவிட்டுக் கழற்றுவதைப் பற்றிப் பேசத் தொடங்குவேன்.

மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவலாமா?

வேண்டாம். பல ஆண்டுப் படிவு ஒரேயடியாகப் பெயர்ந்து, சம்ப்பில் ஒயில் உறிஞ்சும் வலையை அடைத்துவிடும். சரியான ஒயிலைக் குறுகிய இடைவெளியில் இரண்டு மூன்று முறை மாற்றினால் அதுவே மெல்லக் கழுவும்.

காரின் கணினியைப் படிக்கும் ஸ்கானரில் பி0016 என்ற குறை எண் காட்டுகிறது. செயின் முடிந்ததா?

அந்த எண்ணின் பொருள், கிராங்க் சென்சரும் கேம் சென்சரும் சொல்லும் நிலைகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பது. செயின் தேய்ந்து கேம் பிந்தினால் இது வரும். ஆனால் கேம் நேரத்தை மாற்றும் ஒயில் வால்வு அழுக்கில் சிக்கினாலும் வரும். அந்த வால்வுக்குப் போகும் சிறு வடிகட்டி அடைத்தாலும், சென்சரின் இணைப்பு கறுத்திருந்தாலும் வரலாம். டொயோட்டாவின் பழைய 1என்இசட், 1இசட்இசட் எஞ்சின்களில் அந்த வடிகட்டி ஒரு போல்ட்டுக்குப் பின்னால் விரல்நுனி அளவில் ஒளிந்திருக்கிறது. அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. பி0011, பி0012 என்பவை கேம் முந்தியோ பிந்தியோ நிற்பதைக் காட்டுபவை. அவற்றில் முதல் சந்தேகம் ஒயிலும் அந்த வால்வும். பி0340 என்றால் கேம் சென்சரின் சைகையே ஒழுங்காக வரவில்லை, அங்கே முதலில் வயரைப் பாருங்கள்.

காலைச் சத்தமும் பி0016உம் இரண்டும் இருந்து, வால்வும் வடிகட்டியும் சுத்தம் என்றால் வழக்கு பலமாகிவிட்டது. எண் மட்டும் வந்து சத்தமே இல்லை என்றால் நான் அவசரப்படமாட்டேன்.

திறக்காமல் உறுதிப்படுத்த வழி இல்லையா?

இரண்டு உண்டு. ஒன்று வெற்றிட மானி. உள்ளிழுக்கும் குழாயில் இதைப் பொருத்தினால், கடல் மட்டத்தில் நல்ல எஞ்சின் சும்மா ஓடும்போது பொதுவாக 17 முதல் 22 பாதரச அங்குலம் வரை காட்டும். நாம் கடலோரத்தில் இருப்பதால் கணக்கு எளிது. நுவரெலியாவில் அதே எஞ்சின் குறைத்தே காட்டும். ஊசி ஆடாமல், ஆனால் தாழ்வாக நின்றால் வால்வு நேரம் பிந்தியிருக்கிறது என்பது ஒரு பொருள். இப்போதைய எஞ்சின்களில் கணினி அந்தப் பிந்தலை ஓரளவு சமாளித்து மறைத்துவிடும் என்பதால் இதை மட்டும் நம்ப முடியாது.

மற்றது ஒசிலொஸ்கோப். கிராங்க் சைகையையும் கேம் சைகையையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரைந்து, அதே எஞ்சினின் நல்ல வரைபடத்தோடு ஒப்பிடுவது. கேம் கோடு எத்தனை பாகை நகர்ந்திருக்கிறது என்று கண்ணுக்கே தெரியும். நான் கழுத்துப்பட்டி கட்டாத மெக்கானிக், ஆனாலும் இந்தக் கருவியை வாங்கிய பிறகு வீணாகக் கழற்றிய எஞ்சின்கள் குறைந்துவிட்டன. நல்ல கார் ஒன்று வரும்போதெல்லாம் அதன் வரைபடத்தை எடுத்துச் சேமித்து வைக்கிறேன்.

நீங்கள் பிழைவிட்டதில்லையா?

விட்டிருக்கிறேன். கொரோலா ஒன்று. காலையில் ஒரு விநாடி ‘கர்ர்’ என்று வரும். அந்தக் காலம் என்னிடம் பொறுமை குறைவு. உரிமையாளருக்கும் கொழும்புப் பயண அவசரம். செயின், வழிகாட்டிகள், டென்ஷனர் எல்லாம் புதிது போட்டேன். அடுத்த நாள் காலை அதே ‘கர்ர்’. சத்தம் வந்தது கேம் தண்டின் முனையில் உள்ள நேரம் மாற்றும் சக்கரத்திலிருந்து. அதற்குள் ஒரு பூட்டு ஊசி இருக்கிறது. எஞ்சின் நிற்கும்போது அது பூட்டிக்கொள்ள வேண்டும். ஊசியும் துளையும் தேய்ந்தால் ஒயில் வரும்வரை சக்கரம் உள்ளுக்குள் அங்குமிங்கும் அடிக்கும். செயின் சத்தம் சலசலப்பு; இது ஒரே மூச்சில் வரும் உறுமல், பெரும்பாலும் ஒரு விநாடிக்குள் முடிந்துவிடும். கழற்றிப் போட்ட பழைய செயினை அளந்து பார்த்தேன்: இன்னும் பல ஆண்டு ஓடியிருக்கும். சக்கரத்துக்கு மட்டும் பணம் வாங்கினேன், கூலி வாங்கவில்லை. அளக்காமல் மாற்றுவதில்லை என்ற வழக்கம் அந்த வாரத்தில் தொடங்கியது.

திறந்தால் என்ன பார்ப்பீர்கள்? மார்க் சேரவில்லை என்கிறார்களே, அது என்ன?

வால்வு மூடியை மட்டும் கழற்றினாலே பாதி தெரியும். கிராங்க் கப்பியின் கோட்டைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, கேம் சக்கரங்களின் கோடுகள் கையேட்டில் உள்ளபடி நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒரு பல் பிசகியிருந்தால் பளிச்சென்று தெரியும். பல் பிசகாமல் எல்லாக் கோடும் ஒரே திசையில் சற்றுப் பிந்தி நின்றால், அது மேலே சொன்ன தேய்மானம்.

செயினில் நிறம் பூசிய இணைப்புகள் இரண்டு மூன்று இருக்கும். அவை கோட்டோடு சேரவில்லை என்று பதறி ஓடிவருபவர்கள் உண்டு. அவை பூட்டும் நாளுக்கு மட்டும் உரியவை. எஞ்சினைச் சுற்றத் தொடங்கியதும் விலகிப்போய், பல சுற்றுக்குப் பிறகே திரும்பச் சந்திக்கும். சேர வேண்டியவை சக்கரத்தின் கோடுகள்.

கிராங்கைச் சுற்றும்போது எஞ்சின் ஓடும் திசையிலேயே சுற்றுங்கள். பின்னோக்கிச் சுற்றினால், ஒயில் அழுத்தம் இல்லாத டென்ஷனர் உள்ளே ஒடுங்கி, இல்லாத பிசகை நீங்களே உண்டாக்கிவிடலாம்.

டென்ஷனர் எவ்வளவு வெளியே வந்திருக்கிறது என்பதும் ஓர் அளவுகோல். 1இசட்இசட் எஞ்சினில் அதை வெளியிலிருந்தே இரண்டு நட்டைக் கழற்றி எடுத்துவிடலாம். 1என்இசட்டில் அது முன்மூடிக்கு உள்ளே. தண்டு கடைசிப் பல்வரை வந்துவிட்டதென்றால் அதற்கு இனி எட்ட இடமில்லை.

செயினை எப்படி அளப்பது?

எனக்குப் பிடித்த பகுதி. கழற்றிய செயினை ஒரு முனையில் கொளுவி, மறுமுனையில் விற்றராசைப் பிடித்து இழுக்க வேண்டும். மீன் சந்தையில் தூக்கிப் பிடிக்கிறார்களே அதே வகைதான், கொஞ்சம் நல்லதாக. டொயோட்டாவின் பல எஞ்சின்களுக்குக் கையேடு கேட்பது சுமார் 14 முதல் 15 கிலோ இழுவை. அந்த இழுவையில் குறிப்பிட்ட எண்ணிக்கை இணைப்புகளின் நீளத்தை, வழக்கமாக 16, வேணியர் இடுக்கியால் அளக்க வேண்டும். ஓர் இடத்தில் அளந்தால் போதாது. குறைந்தது மூன்று இடம், ஏனென்றால் செயின் எங்கும் ஒரே மாதிரித் தேய்வதில்லை. உங்கள் எஞ்சினின் எல்லை கையேட்டில் மில்லிமீற்றரில் இருக்கும். தரையில் இரண்டு செயினை அருகருகே போட்டுக் கண்ணால் பார்ப்பது அளவல்ல.

பிறகு செயினைப் பல்சக்கரத்தில் சுற்றி, உருளைகளோடு சேர்த்து விட்டத்தை அளப்பேன். சக்கரம் தேய்ந்திருந்தால் அதில் புதுச் செயின் போடுவது, தேய்ந்த உரலில் புது உலக்கை போடுவதுபோல.

டென்ஷனரை மட்டும் மாற்றினால் போதாதா?

செயின் அளவுக்குள் இருக்கிறது, வழிகாட்டிகள் முழுசாக இருக்கின்றன, தண்டு மட்டும் ஒயிலைப் பிடிக்கவில்லை என்றால் போதும். செயின் எல்லை தாண்டியிருந்தால் புது டென்ஷனர் சத்தத்தை மறைக்கும், கேம் பிந்தலை மறைக்காது. முன்மூடியைக் கழற்றும் வேலையே பெரிய வேலை. கூலியில் பெரும்பங்கு அங்கேதான் போகிறது. அவ்வளவு தூரம் போன பிறகு செயினையும் வழிகாட்டிகளையும் முன் சீலையும் பழையதாகவே விட்டுவிட்டு மூடுவது எனக்கு மனம் வராத காரியம். விலையை எழுதச் சொல்கிறார்கள். எழுதினால் இந்தப் பக்கத்துக்கு ஒரு மாத ஆயுள்கூட இராது.

கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் கழற்றிய செயின் கிடைக்கும். கதவு, விளக்கு, ஆல்டர்னேற்றர் எல்லாம் அங்கே வாங்கலாம். பழைய செயின் மட்டும் வேண்டாம்; இன்னொருவர் செலவழித்து முடித்த ஆயுளை வாங்குவது அது.

பிரியஸ் காலையில் நடுங்குகிறது. அதுவும் செயினா?

மூன்றாம் தலைமுறைப் பிரியஸ் நீண்ட நேரம் நின்ற பிறகு ஸ்டார்ட் ஆகும்போது உடம்பே குலுங்கினால், செயினை விட்டுவிட்டு ரேடியேற்றர்த் தண்ணீர் குறைகிறதா என்று பாருங்கள். ஹெட் கேஸ்கெட் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் கசிந்து அப்படி நடுக்குவது அந்தக் காரில் அறியப்பட்ட குறை. ஹைபிரிட் எதிலும், கார் தயார் நிலையில் இருக்கும்போது பொனற்றுக்குள் கையை விடாதீர்கள். சொல்லாமலே எஞ்சின் ஓடத் தொடங்கும்.

அப்பாவின் மொறிஸ் மைனர் இன்னும் நிற்கிறது. அதற்கும் இதெல்லாம் பொருந்துமா?

அதற்கு இன்னும் எளிய வழி இருக்கிறது. மொறிஸ் மைனர், ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் போன்றவற்றில் முன்பக்கம் குட்டையான செயின்தான். டிஸ்ரிபியூட்டர் மூடியைக் கழற்றுங்கள். கிராங்கை ஒரு திசையில் சுற்றி, கோட்டைப் பூச்சியத்தில் நிறுத்துங்கள். பிறகு எதிர்த் திசையில் மெல்லச் சுற்றி, உள்ளே ரோட்டர் அசையத் தொடங்கும் கணத்தில் நிறுத்திக் கப்பியில் எத்தனை பாகை என்று பாருங்கள். ஐந்து வரை நான் பொறுப்பேன், பத்தைத் தாண்டினால் மாற்றுவேன். பின்னோக்கிச் சுற்றாதே என்று மேலே சொன்னது ஒயில் டென்ஷனர் உள்ள எஞ்சின்களுக்கு.

இந்தச் சோதனையை எனக்குக் காட்டியவர் என் முதல் மாஸ்டர். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில், கொஞ்சம் பெற்றோலைச் சொட்டி ஸ்டார்ட் செய்து, மண்ணெண்ணெயில் ஓடிய கார்களைப் பார்த்துப் பழகிய காது அவருடையது. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரால் வழிந்து ஒயிலில் கலக்கும், ஒயில் தண்ணீராகும், செயினும் பெயரிங்கும் தேயும். அதனால்தான் அவர் ஒயில் கம்பியை இழுத்தால் முதலில் மோந்து பார்ப்பார். நானும் இன்றுவரை அப்படித்தான், கடைசியாக யாரும் மண்ணெண்ணெயில் ஓட்டி எவ்வளவோ காலமான பிறகும்.

இந்தச் சத்தத்தோடு கொழும்புக்குப் போகலாமா?

காலையில் மட்டும் இரண்டு மூன்று விநாடி, எஞ்சின் விளக்கு எரியவில்லை, இழுவை குறையவில்லை என்றால் ஒயில் மட்டத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம். வந்ததும் என்னிடம் வாருங்கள். சூடான பிறகும் சலசலக்கிறது, அல்லது பி0016 வந்து இழுவையும் குறைந்துவிட்டது என்றால் ஆனையிறவைத் தாண்ட வேண்டாம். முன்மூடிக்குள் உலோகம் உரசும் சத்தம் கேட்டால், நிற்கிற இடத்திலேயே நிறுத்திவிட்டுக் கட்டி இழுக்க ஆள் அழையுங்கள். இழுவைக் கூலி வால்வுகளின் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை.

பழைய கார் ஒன்று வாங்கப் போகிறேன். செயினை எப்படிப் பார்ப்பது?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025இல்தான் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் இருந்த கார்களே கைமாறிக் கைமாறி ஓடின. மீற்றர் காட்டும் எண்ணை நான் செய்தியாக எடுத்துக்கொள்வதில்லை. சேர்விஸ் சிட்டைகள் இருந்தால் அவற்றைப் படிப்பேன்.

விற்பவரிடம் காலை ஏழு மணிக்கு வருவதாகச் சொல்லுங்கள், ஆறரைக்கே போய் நில்லுங்கள். கதவைத் திறப்பதற்கு முன் உள்ளங்கையைப் பொனற்றில் வையுங்கள். குளிர்ந்திருந்தால் நீங்களே சாவியைத் திருப்பிக் கேளுங்கள். சூடாக இருந்தால், ‘சும்மா ஒருக்கால் கழுவ எடுத்தேன்’ என்று அவர் சொல்லுவார். அப்படியே இருக்கட்டும். நாளை வருகிறேன் என்று சொல்லிவிட்டு, அடுத்த நாள் ஐந்தரைக்குப் போங்கள்.